அக்காவிடம் சொன்ன வெய்யிலும் பனியும்

வடக்குச் சமவெளிக்கு வருவதற்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு வருஷம். நாலு காலத்தையும் இருந்து பார்ப்பேன். அடுத்த தைப்பொங்கலன்று என் முடிவைச் சொல்வேன். வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் மெல்பேர்ன் ஓரத்துக் கிரான்பர்னுக்குத் திரும்பிவிட வேண்டும். என் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். எதற்கும் உடனே ஒப்புக்கொள்கிற மனிதர் அவர், அதுவே எனக்கு எரிச்சல்.

அவர் மெக்கானிக். கிரான்பர்னுக்குப் பக்கத்து டண்டினோங்கில் லொறி திருத்திக்கொண்டிருந்தவருக்கு, மெல்பேர்னிலிருந்து மூன்றரை மணித்தியாலம் வடக்கே, கோதுமை விளைகிற ஒரு சின்னப் பட்டினத்தில் அறுவடை இயந்திரங்களைத் திருத்தும் வேலை கிடைத்தது. இடத்தைப் பார்க்கப் போய்வந்த அன்று அவர் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அங்க வானம் பெரிசு" என்று மட்டும் சொன்னார். அவர் அகதியாகப் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த காலத்தைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால், அங்கே முற்றத்தில் நின்று அண்ணாந்தால் எவ்வளவு வானம் தெரியும் என்பதைத்தான் கையால் அளந்து காட்டுவார். அப்படிப்பட்டவர் வானம் பெரிது என்று வந்து நிற்கும்போது நான் என்ன சொல்வது? ஒரு வருஷம் என்றேன்.

நாங்கள் போய் இறங்கியது ஜனவரி கடைசியில். வீட்டுக்குப் பின்னால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அறுத்து முடிந்த கோதுமைத் தாள் வெளிறிப்போய், அடிவானம் வரைக்கும் ஒரே மட்டமாகக் கிடந்தது. பதினைந்து கிலோமீற்றர் தள்ளியிருந்த அடுத்த ஊரின் தானியக் கோபுரம் சுவரில் பாதி அடித்த ஆணி மாதிரித் தெரிந்தது. முதல் வாரமே நாற்பத்திரண்டு பாகை. காற்று வடக்கிலிருந்து வந்தது. வாடை என்றால் குளிர் என்று படித்து வளர்ந்த எனக்கு, வடக்குக் காற்று முகத்தைச் சுடுவது பெரிய அநியாயமாகப் பட்டது.

வீட்டுக் கூரையில் தண்ணீரில் ஓடுகிற ஒரு கூலர் இருந்தது. கிரான்பர்ன் ஏசிப் பழக்கத்தில் ஒரு யன்னல் விடாமல் இறுக்கிச் சாத்திவிட்டு அதைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வீடு இடியப்பம் அவிகிற சட்டிக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. பொரித்து வைத்த அப்பளம் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. புதிதாக வந்தவர்களைப் பார்க்கவென்று கேக்கோடு வந்த எதிர்வீட்டுக்காரி, வாசலில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஈரக்காற்று வெளியே போக ஒவ்வொரு அறையிலும் யன்னலை ஒரு சாண் திறந்துவைக்க வேண்டுமாம். என்னைக் கேட்காமலே உள்ளே வந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். கோதுமையும், எண்ணெய் எடுக்கிற கனோலாவும் பயிரிடுகிறவள். முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் வீடு குளிர்ந்தபிறகு பிடித்துவிட்டது.

அந்த வெய்யிலில் ஒரு சுகம் இருப்பதை இரண்டாவது வாரம் கண்டுபிடித்தேன். கடைசி உடுப்பைக் கொடியில் போட்டு நிமிர்கிறபோது முதல் உடுப்பு காய்ந்திருக்கும். மெல்பேர்னில் ஒரே நாளில் மூன்று தடவை உடுப்பை வெளியே போட்டு, மூன்று தடவை தூற்றலுக்கு ஓடிப்போய் எடுத்து, கடைசியில் குளியலறைக் கதவில் காயவைத்தவள் நான். சந்தோஷம் தாங்காமல் அன்று பின்னேரம் அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், கிரான்பர்னில் இருக்கிறாள். தினமும் நான் சமைக்கிற நேரத்தில் அழைப்பாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிட்டு, வெங்காயம் வெட்டியபடி கதைப்பேன். வேலையால் வந்த என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்.

"பத்து நிமிஷத்தில காயுதோ? உனக்குக் கொடுத்து வைச்சிருக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் மேற்கில் ஒரு செம்மண் மதில் எழும்பி வந்தது. முதலில் மழை என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரி தெருவுக்குக் குறுக்கே ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தும்போதுதான் அது புழுதி என்று விளங்கியது. கொடியில் நான் ஆசையோடு வாங்கிய நாலு வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. புழுதி போனபோது அவை காவி வேட்டிகள். பல்லுக்குள் மண், பருப்புப் போத்தலுக்குள் மண், மூடிவைத்த சோற்றுப் பானைக்குள்ளும் மண். அக்காவின் பெருமூச்சுத்தான் அந்தப் புழுதியைக் கிளப்பியது என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் கொஞ்சம் நம்புகிறேன்.

எங்கள் ஆட்கள் நன்றாயிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் "சரியா மெலிஞ்சு போச்சுது" என்போம். இரண்டு மாடி வீடு கட்டினால் "ஏதோ ஒதுங்க ஒரு இடம்" என்போம். கண்ணூறு படக்கூடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு அது. எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வாய்க்கொழுப்பால் நான் அந்த ஏற்பாட்டை மீறிவிட்டேன். இனிமேல் இந்த ஊர்க் காலநிலையைப் பற்றி அக்காவிடம் ஒரு நல்ல சொல் சொல்வதில்லை என்று விரிப்புகளை மூன்றாம் தடவை அலசும்போது முடிவெடுத்தேன்.

"வெய்யில் மனுசரைக் கொல்லுது அக்கா. ஒரே புழுதி. இருக்கேலாமல் கிடக்கு."

"நான் அப்பவே சொன்னனான், அந்தக் காட்டுக்குப் போகாதையெண்டு."

அக்காவுக்கும் அது திருப்தி. இரண்டு நாள் கழித்து என் கணவர் கதவுகளின் அடியில் எல்லாம் இறப்பர்ப் பட்டி ஒட்டினார். புழுதி குறையும் என்றார். அவர் அப்படித்தான், சொல்லாமல் செய்வார்.

எனக்குப் பட்டினத்து மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. இந்தச் சமவெளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடையின் மேசைக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டது. இங்கே இலையுதிர்காலத்தை யாரும் இலையை வைத்துப் பார்ப்பதில்லை, முதல் மழையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு அதற்காகக் காத்திருப்பார்கள். ஏப்ரல் முழுக்க மழையில்லை. பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் ஒரு மழைமானியைக் கொண்டுவந்து என் வேலிக் கட்டையில் அடித்துவிட்டுப் போனாள். கண்ணாடிக் குழாயில் மில்லிமீற்றர்க் கோடு போட்டது. இந்த ஊரில் இருப்பதென்றால் இது இல்லாமல் சரிவராது என்றாள். அவள் சொன்னது சரிதான். ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை, எத்தனை மில்லி என்றுதான் கேட்கிறார்கள்.

மே மாதம் ஒரு விடியற்காலை தகரக் கூரையில் சத்தம் கேட்டது. எழும்பிப்போய்ப் பார்த்தால், தெருவின் அந்தப் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி இரவு உடுப்போடு மழைக்குள் நின்றுகொண்டிருந்தாள். குடையில்லை, ஒன்றுமில்லை. நானும் போய் என் படியில் நின்றேன். மண்ணிலிருந்து வந்த வாசம் தொண்டைக்குள் இறங்கியது. ஒன்பது மணிக்குக் குழாயைப் பார்த்தேன், பதினெட்டு. அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் "பதினெட்டு" என்று சொன்னேன். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு வயசாளி தனக்குப் பதினொன்றுதான் என்று சொல்லி, மிச்ச ஏழையும் நான் களவெடுத்ததுபோல் என்னைப் பார்த்தார். நானே பெய்த மழை மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரம் அக்காவிடம், "ஒரே சேறு. சப்பாத்தெல்லாம் பழுதாப் போச்சு" என்றேன்.

சனிக்கிழமை என் கணவர் எனக்கு முழங்கால் வரை வருகிற இறப்பர் சப்பாத்து வாங்கிவந்தார்.

யூலை மாதம் பனி விழத் தொடங்கியது. விடிய எழும்பினால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல் வெள்ளை. மிதித்தால் நொறுங்கும். வேலியோரத்துக் குழாயில் தண்ணீர் கட்டியாகி, பத்து மணிக்குத்தான் ஒரு இருமலோடு வரும். சில நாட்களில் மூடுபனி இறங்கி எதிர்வீட்டையே காணவிடாது. ஆனால் பனி விழுந்த நாட்களில் பத்து மணிக்குப் பிறகு வருகிற வெய்யில் இருக்கிறதே, அதற்கு நான் அடிமையாகிவிட்டேன். மெல்பேர்னில் யூலை மாதத்தில் சூரியனைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் நாங்கள் நம்புவதில்லை. இங்கே தினமும் கண்டேன். கடையின் பின்பக்கம் ஒரு கதிரையைப் போட்டு, மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை வெய்யிலுக்குக் காட்டியபடி இருப்பேன். தலைக்கு மேலே ஒரு கீறல் இல்லாத நீலம். முப்பது வயதுக்குப் பிறகு நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த நேரம் அந்த அரை மணித்தியாலம்தான்.

"விறைச்சுச் சாகப்போறன் அக்கா. கையைக் காலை ஆட்டேலாது."

அடுத்த நாளே என் காலடியில் ஒரு ஹீட்டர் வந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. நான் சொல்வதை எப்படி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவரும் எங்கள் ஆள்தானே என்று இருந்துவிட்டேன்.

செப்டெம்பரில் கனோலா பூத்தது. மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் அம்மியில் அரைத்து அப்பியது போன்ற மஞ்சள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வயல் ஓரத்தில் நிறுத்தினார். இருவரும் கம்பி வேலியில் கையை வைத்துக்கொண்டு நின்றோம். காற்று அடிக்க முழு வயலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் என்னைப் பார்க்காமல், "பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நிறைந்திருந்தபடியால்தான் வாய் அப்படிச் சொன்னது. "மூக்கு அரிக்குது. வாங்கோ, போவம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்க் காரை எடுத்தார். திரும்பும் வழியெல்லாம் நான் யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் என்றைக்குத்தான் கதைத்தார் என்று நானும் விட்டுவிட்டேன்.

நவம்பரில் அறுவடை தொடங்கியதும் ஊர் தலைகீழாக மாறியது. மே மாதம் மழைக்காக ஏங்கியவர்கள் எல்லாரும் இப்போது மழையை ஏசினார்கள். முற்றிய கோதுமை நனைந்தால் முளைத்துவிடும். மேற்கில் ஒரு கறுப்பு முகில் தெரிந்தாலே கடைக்குள் பேச்சு நின்றுவிடும். என் கணவர் விடிய ஐந்து மணிக்குப் போனால் இருட்டுப்பட்டுத்தான் வந்தார், எங்காவது ஒரு இயந்திரம் வயலின் நடுவில் நின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு வயல் மட்டும் மிச்சம். பின்னேரம் முகில் கட்டி இடி இடித்தது. நான் கடையைவிட்டுத் தெருவுக்கு வந்து நின்று, "அங்கால போ, அங்கால போ" என்று அதைக் கலைத்தேன், கோழி கலைப்பது போல. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை, தானும் வந்து பக்கத்தில் நின்றார். முகில் தெற்கே போய்விட்டது. அவள் வயல் தப்பியது.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, நான் இந்த இடத்தை விட்டுப் போகப்போவதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் பேச்சின்படி பொங்கலன்றுதான் சொல்ல வேண்டும். முந்திச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பின்முற்றத்தில் புல்லை வெட்டி, மண் தெரியக் கூட்டி, மூன்று செங்கல் வைத்தேன். விறகும் சேர்த்தேன். கிரான்பர்னில் எல்லா வருஷமும் கராஜுக்குள் காஸ் அடுப்பில்தான் பொங்கினோம். வானத்துக்குக் கீழே பொங்கி, பால் பொங்குகிற நேரம் என் முடிவைச் சொல்வது என்பது என் திட்டம். எதிர்வீட்டுக்காரியையும் வரச்சொல்லியிருந்தேன். முதல்நாள் பின்னேரம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். நாளைக்கு எங்கள் பகுதி முழுவதற்கும் தீத் தடை அறிவித்திருக்கிறார்கள், நாற்பத்து மூன்று பாகை, பலத்த வடக்குக் காற்று, வெளியே ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது, நீ ஏதோ நெருப்பு மூட்டப்போகிறேன் என்று சொன்னாயே என்றாள். நல்ல நாள் பார்த்து, நேரம் பார்த்து, திசை பார்த்த நான், அந்தக் காய்ந்த வெளியில் தை மாதத்தில் காற்றைப் பார்க்க மறந்துபோனேன். இந்தத் தவறைச் செய்ய எங்கள் ஆட்களால்தான் முடியும்.

குசினியில் மின்சார அடுப்பில் பொங்கினேன். எதிர்வீட்டுக்காரி தீயணைப்புத் தொண்டர்களோடு நிற்க வேண்டியிருந்ததால் வரவில்லை. பால் பொங்கி வழிந்தபோது நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன் என் கணவர், "உமக்கு ஒரு நல்ல விசயம் வைச்சிருக்கிறன்" என்றார்.

சிரித்தபடிதான் சொன்னார்.

"பழைய பொஸ் கூப்பிட்டவர். டண்டினோங்கில என்ர இடம் திரும்பக் கிடைக்குமாம். நான் ஓமெண்டிட்டன். இண்டைக்கு அஞ்சு மணிக்கு முதல் இன்னொருக்கா உறுதியாச் சொன்னாச் சரி, மாசி மாசம் கிரான்பர்னுக்குப் போயிடலாம்."

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுப்போனார். "நீர் பொங்கலண்டைக்குச் சொல்லுறனெண்டனீர். நீர் வாய்திறந்து கேட்கமுதல் நானே செய்திட்டா உமக்குக் கஷ்டமில்லைத்தானே? ஒரு வருஷமா நீர் அக்காவோட கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான். வெய்யில் கொல்லுது, சேறு, விறைச்சுச் சாகப்போறன்... நான் என்னத்தைச் செய்தும் உமக்குச் சரிவரேல்ல. வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனன், அதுவும் மூக்கு அரிக்குதெண்டீர். இனி எத்தினை நாளைக்கு உம்மை இஞ்ச வைச்சு வதைக்கிறது?"

அவர் ஒரு வரி விடாமல் சொன்னார். இறப்பர்ப் பட்டி, சப்பாத்து, ஹீட்டர் எல்லாம் எதற்கு வந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கண்ணூறுக்குப் பயந்து பூசிய கரியை இந்த மனுஷன் ஒரு வருஷமாகக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவரில் கோபம், என்னில் அதைவிடக் கோபம், அக்காவிலும் காரணமில்லாமல் கோபம்.

"அது அக்காவுக்குச் சொன்னது" என்றேன். "கண்ணூறு படக்கூடாதெண்டு சொன்னது. உங்களுக்கு அது விளங்காதோ?"

"எனக்கு எப்படி விளங்கும்? எனக்கு ஒரு நாளும் வேறை மாதிரிச் சொல்லேல்லையே."

அது உண்மை. அடுப்பில் பொங்கல் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான் அதை இறக்கவில்லை. கல்யாணம் கட்டி ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று அவரிடம் நேராகச் சொன்னதாக நினைவில்லை. சொல்ல நாக்கு கூசியது.

"எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு" என்றேன். "போக விருப்பமில்லை."

அவர் நம்பவில்லை. "வெய்யிலும் பிடிச்சிருக்கோ?"

"ஓம்."

"பனியும்?"

"ஓம். பனிக்குப் பிறகு வாற வெய்யில் அதைவிட."

"முகத்தில மொய்க்கிற இலையானும்?"

"இலையான் மட்டும் இல்லை."

அவர் அடுப்பை நிறுத்திப் பானையை இறக்கினார். "அப்ப நீங்கள்?" என்று கேட்டேன். "உங்களுக்குப் போக விருப்பமோ?"

பானையைப் பார்த்தபடியே, "எனக்கு வந்த நாளிலயிருந்தே இஞ்சதான் மூச்சு விடக்கூடியதா இருந்தது" என்றார். அவரும் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் போகவேண்டும் என்பேன் என்று பயந்து ஒரு வருஷம் அதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அக்கா மூன்று மணிக்கு அழைத்தாள். அங்கே தெற்குக் காற்று வந்து குளிரத் தொடங்கிவிட்டதாம், கம்பளி ஜம்பர் போட்டுவிட்டாளாம், உங்களுக்கு என்ன மாதிரி என்றாள். "நல்லாயிருக்கு அக்கா, எங்களுக்கு இஞ்ச நல்லாயிருக்கு" என்றேன். அவள் பதறி, "அங்க காட்டு நெருப்பு ஏதும் எரியுதோ? சுகமா இருக்கிறியோ?" என்று கேட்டாள்.

நாலு மணிக்கு அவர் பழைய முதலாளியை அழைத்தார். அவருடைய ஃபோனுக்குத் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காது, வெளியே முற்றத்தில் நின்றுதான் கதைக்க வேண்டும். நாற்பத்து மூன்று பாகை. காற்று ஊளையிட்டது. நான் கதவடியில் நின்று கேட்டேன். ஏன் வரவில்லை என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். இவர் அண்ணாந்து பார்த்து, "மை வைஃப் லைக்ஸ் த வெதர்" என்றார். ஃபோனுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு எனக்கே கேட்டது. இவர் சிரிக்கவில்லை. கதைத்து முடித்து உள்ளே வரும்போது கைலேஞ்சியை எடுத்துக் கன்னங்களைத் துடைத்து, "என்ன மாதிரி வேர்க்குது" என்றார். அந்தக் காற்றில் வேர்வை வழிவதில்லை, தோலைவிட்டு வெளியே வருமுன் காய்ந்துவிடும். ஒரு வருஷம் இருந்த எனக்கு அது தெரியும். "ஓம், சரியான வெக்கை" என்றேன்.